போத்தலை மெதுவாக்குதல்

ஒக்டோபர் 7

இன்றும் அதேதான். மார்போடு அணைத்ததும் மகள் முதுகை வளைத்து, முகம் சிவக்கக் கத்துகிறாள். போத்தல் சூப்பி உதட்டில் பட்டால் உடனே அமைதி. பிறந்த கையோடு மஞ்சட்காமாலைக்கு நீல வெளிச்சத்தில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் எனக்கு சிசேரியன் காயத்தில் கிருமி பிடித்துத் திரும்பவும் வோர்ட். அந்த நாட்களில் அம்மாதான் பால்மா கரைத்துக் கொடுத்துப் பிள்ளையைப் பார்த்தார். கொடுக்காமல் என்ன செய்வது?

"பிள்ளை, உனக்குப் பால் காணாது போல" என்கிறார் அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து மாமியும் வீடியோவில் அதையே சொல்கிறார். வெள்ளவத்தைச் சந்தையில் சுறா கிடைத்த நாளெல்லாம் எனக்குச் சுறா வறைதான். உள்ளி போட்ட பத்தியக் கறி வேறு. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் சுரந்த பால் வெளியே போனால்தானே அடுத்தது ஊறும்? குடிக்க வேண்டியவள் கத்திக்கொண்டிருக்கிறாள்.

ஒக்டோபர் 9

மிட்வைஃப் மிஸ் வந்தார். அவருக்குச் சிங்களம் மட்டும்தான். என் சிங்களம் மரக்கறிக் கடையோடு சரி. ஆனாலும் விளங்கியது. மார்பில் போட்டுக் காட்டு என்று அவர் கேட்கவே இல்லை. போத்தலில் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றுதான் பார்த்தார். பிள்ளையை மடியில் மல்லாத்தி, போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தோம். ஐந்து நிமிடத்தில் காலி.

அங்கேதான் விஷயம் என்றார். மார்பில் வாய் வைத்துச் சூப்பத் தொடங்கி, பால் இறங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். போத்தலில் அந்தக் காத்திருப்பு இல்லை. அதனால் முதலில் போத்தலை மெதுவாக்கச் சொன்னார். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, போத்தலைக் கிடையாகப் பிடித்து, சில மிடறுக்கு ஒருமுறை நிறுத்திக் கொடுக்க வேண்டும். நல்ல பசியில் கத்தும்போது மார்பைக் காட்டக் கூடாது. அரைத் தூக்கத்தில் காட்டலாம். தலையைப் பிடித்து அமுக்கவே கூடாது.

"பட்டினி போட்டால் தானாக வருவாள்" என்று மேல்மாடி அக்கா சொன்னதைக் கேட்டதும் மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. பிள்ளையின் வயிறு நிறைவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்றார். இத்தனை பேர் சொன்ன புத்திமதியில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

ஒக்டோபர் 11

சின்னம்மா மகளிடம் பால் எடுக்கும் பம்ப் இரவல் வாங்கியாயிற்று. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டுமாம், அதில் ஒன்று நடு இரவில். பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். வருவது போத்தலின் அடி நனையும் அளவுதான். அதையும் அம்மா எட்டிப் பார்க்கிறார். இனி துணியால் மூடித்தான் பம்ப் பண்ணுவது.

ஒக்டோபர் 15

மதியம் முழுக்க மேலுடுப்பில்லாமல் அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பால் கொடுக்கும் எண்ணமே இல்லாமல், சும்மா. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் இரண்டு பேரும் வியர்வையில் ஒட்டிக்கொண்டோம். பிள்ளை பார்க்க வந்தவர்களை இவர் வாசலிலேயே வைத்துக் கதைத்து அனுப்பினார். நல்ல காரியம்.

ஒக்டோபர் 18

மழை. கத்தல். பம்ப்.

ஒக்டோபர் 20

விடியற்காலை, கரையோர ரயில் ஓடத் தொடங்கும் நேரம். அவள் அரைத் தூக்கத்தில் சப்புக்கொட்டினாள். கையால் அமுக்கிப் பால் சொட்ட ஆரம்பித்த பிறகு, பக்கவாட்டில் படுத்தபடி உதட்டில் தடவினேன். பிடித்துக்கொண்டாள்! விழுங்கும் சத்தம் கேட்டது. காலை ஒன்பது மணிக்குத் திரும்பவும் பழைய கத்தல். பரவாயில்லை, அவளுக்கு வழி தெரியும்.

ஒக்டோபர் 24

அரச ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கும் தாய்ப்பாலூட்டல் நிலையத்துக்குப் போனோம். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். முலைக்காம்பை மட்டும் பிடிக்கிறாள், அதைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும் என்று நேர்ஸ் திருத்திவிட்டார்.

அப்புறம் ஒரு வித்தை காட்டினார். நூல் போன்ற மெல்லிய குழாய். ஒரு முனை கோப்பையிலுள்ள பாலுக்குள், மறு முனை முலைக்காம்போடு ஒட்டி. பிள்ளை மார்பைச் சூப்ப, குழாய் வழியாகப் பால் உடனே வருகிறது. கோப்பையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெது. அவளுக்குக் காத்திருப்பு இல்லை, எனக்கோ சூப்பச் சூப்பச் சுரப்பு கூடும். வீட்டில் செய்வதற்கு மூன்று கை வேண்டும், இவர்தான் கோப்பை தாங்கி. முதல் தடவை பாதிப் பால் மெத்தைக்குப் போனது.

நவம்பர் 1

பால்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், மிஸ் சொல்லும் அளவில். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறாளா, நிறை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. இரண்டும் சரி. பால்மாவை விளம்பரப்படுத்தக் கூடாதென்று 1981இல் உலக சுகாதார நிறுவனம் விதிக்கோவை கொண்டுவந்தது, இலங்கையிலும் அதற்கொரு விதிக்கோவை உண்டு. சொந்தக்காரரை மட்டும் எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. இன்றைக்கும் ஒரு மாமா டின்னோடு வந்தார்.

நவம்பர் 6

கிளினிக்கில் இரண்டு மாத ஊசி. வீரிட்டு அழுதவளை வாங்கிலேயே உட்கார்ந்து, குழாய் கிழாய் ஒன்றுமில்லாமல் மார்பில் போட்டேன். குடித்தாள். அம்மா சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருக்குச் சுறா வறையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இரவில் ஒரு போத்தல் இன்னும் உண்டு, எடுத்து வைத்த தாய்ப்பால், இவர் கொடுப்பார். அதை நிறுத்தும் எண்ணம் இல்லை. 84 நாள் விடுமுறை முடிந்தால் நான் வேலைக்குப் போக வேண்டும், அப்போது அவள் போத்தலையும் மறந்திருந்தால் அது வேறு கூத்து. சின்னம்மா மகள் பம்பைத் திருப்பிக் கேட்கிறாள். இப்போதைக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.