பூகம்பம் இருக்கட்டும், முதலில் அந்த வெட்டைப் பாருங்கள்

ஏற்காட்டில் வீடு கட்டுகிறேன், மண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது பூகம்பத்தைத்தான். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டச் சரிவில் மனை வாங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அதையேதான் கேட்டார். "தம்பி, சேலம் மூன்றாம் மண்டலமாமே, பயப்படணுமா?"

ஆமாம் ஐயா, பூகம்ப ஆபத்துக்கு ஏற்ப நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2001-ல் குஜராத்தில் நடந்த புஜ் பூகம்பத்துக்கு அடுத்த ஆண்டு திருத்தி வெளியிட்ட ஐஎஸ் 1893-ல், அதாவது பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதிநூலில், சேலத்தை மூன்றாம் மண்டலத்தில்தான் போட்டிருந்தார்கள். நம் பக்கம் அதிராத நிலம் என்றும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை 6 ரிக்டர் அளவுக்கு ஒன்று உலுக்கியிருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு அதற்காகச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி கம்பி கட்டுகிறவர் கையில் இருக்கிறது. தூண் கம்பிகளைச் சுற்றி மாட்டும் ரிங்கின் முனையை வெறும் செங்கோணத்தில் மடித்து விட்டுவிடாமல், 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். குலுங்கும்போது ரிங் விரிந்துகொள்ளாமல் இருப்பது அதனால்தான். இதற்குத் தனியாகச் செலவு என்று ஒன்றும் கிடையாது. மேஸ்திரி முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

மலையில் என்னைத் தொல்லைப்படுத்துவது வேறு இரண்டு: மண்ணுக்குள் கிடக்கும் கல், சரிவை அறுக்கும் வெட்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினப் பாறை. அது ஒரே சீராக மக்குவதில்லை. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஓரங்கள் செம்மண்ணாகிவிடும், நடுவில் இருப்பது குண்டுக்கல்லாகத் தங்கிவிடும். புட்டுக்குள் தேங்காய்ச் சில்லு கிடக்கிற மாதிரி, மண்ணுக்குள் லாரி அளவுக் கல்கூட மிதந்துகொண்டிருக்கும். மண் எவ்வளவு உறுதி என்று பார்க்க, துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடித்துக்கொண்டே போவோம். திடீரென்று 50 முறை அடித்தும் குழாய் இறங்காது. "பாறை தட்டியாச்சு, மெஷினைக் கழற்றலாம்" என்று பையன்கள் கிளம்பிவிடுவார்கள். அது தாய்ப்பாறையா குண்டுக்கல்லா என்று எப்படித் தெரியும்? வைரமுனை பிட்டைப் போட்டுக் குறைந்தது 3 மீட்டராவது பாறைக்குள் இறக்கி, வருகிற கல்லைப் பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆசிரியர் மனையில் ஒரு குழியில் கல்லைத் தாண்டியதும் மறுபடி செம்மண் வந்தது. ஒரு தூண் கல் மேல், பக்கத்துத் தூண் மண் மேல் என்று நின்றால் மண் மேல் நிற்பதுதான் இறங்கும். வீடு விரிசல் விட அதற்குப் பூகம்பம் தேவையில்லை.

கீழே சேலம் சமவெளியில், கரிசல் மண் ஊதிச் சுருங்குகிற இடங்களில், கதை வேறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்புறம் அந்த வெட்டு. சரிவில் சமதளம் வேண்டும் என்று ஜேசிபியை விட்டு மலைப்பக்கத்தைச் செங்குத்தாக அறுத்துவிடுகிறார்கள். கோடையில் பார்த்தால் செம்மண் சுவர் போல நிற்கும். ஈரம் வற்றிய மண்ணுக்கு அந்தப் பிடிப்பு உண்டு. ஐப்பசி மழையில் ஊறினால் பிடிப்பு போய்விடும், எடையும் கூடிவிடும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதே, அது கண் முன்னால் நடந்ததுதான்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் என்றால் பக்கத்தைச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் பலகை கொடுத்து முட்டு நிறுத்த வேண்டும் என்பது விதி. தோண்டிய மண்ணையும் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற இடத்தில் இதைச் சொன்னால், "என்ன சார், ஆளுயரப் பள்ளம்தானே" என்பார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். இடுப்பளவு மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. பள்ளத்தில் குனிந்து மண் அள்ளுகிறவருக்கு மேலே விரிசல் விடுவது தெரியாது. சரிந்த பிறகு ஓட நேரமும் இருக்காது.

ஆசிரியரிடம் ஒரே வெட்டாக வேண்டாம், இரண்டு படியாக வீட்டை இறக்கிக் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரைபடம் மாறும், வராந்தா கொஞ்சம் சுருங்கும். மேல் தோட்டத்து மழைத்தண்ணீர் நேராக இவர் மனைக்குள்தான் இறங்குகிறது. அதை ஓரமாகத் திருப்பிவிட அந்தத் தோட்டக்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். அது முடிகிறவரை ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள் ஐயா என்றேன். கொடுத்துவிட்டாராம்.