சோலைத் தண்ணீருக்குக் குழாய் தேர்ந்தெடுத்தோம்

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊருக்குத் தண்ணீர், மேலே சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. இரண்டங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்டு ஒன்பது வருடம்தான் ஆகிறது. போன ஐப்பசி மழையில் மட்டும் ஏழு இடத்தில் ஒழுகியது. "போன தடவை போட்டது லேசு பைப்புங்க. சி கிளாஸ் போட்டா இருபது வருஷம் நிக்கும்" என்றார் பிளம்பர் அண்ணன். சி கிளாஸ் என்றால் அதே ஜி.ஐ.யில் தடித்த ரகம். ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் சரி என்றார்கள். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

ராமநாதபுரம் பக்கம் எரிவாயுக் கிணறுகளில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கேஸோடு சேர்ந்து வரும் தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்கள்தான் என் பொறுப்பு. ஒரு புதுக் கிணற்றில் வந்த தண்ணீரில் உப்பே இல்லை. ஆழத்தில் ஆவியாக இருந்து, மேலே வர வரக் குளிர்ந்து நீரானது, கிட்டத்தட்ட வாலைவடிநீர். சுத்தமான தண்ணீர்தானே என்று கார்பன் ஸ்டீல் குழாயையே போட்டோம். கேஸில் இருந்த கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலமானது. அமிலத்தை மட்டுப்படுத்த பைகார்பனேட்டும் இல்லை. பதினான்கே மாதத்தில் குழாயின் அடிப்பாகம் வாய்க்கால் வெட்டியதுபோல அரித்துக் கிடந்தது.

எங்கள் ஊற்றும் அதே குணம்தான் என்று தோன்றியது. மழைநீர் சோலையின் மக்கிய இலைகளுக்கிடையே இறங்கும்போது மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்கிறது. இங்கே பாறை சார்னோகைட் என்ற கருங்கல் வகை. அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு அதில் பேருக்குத்தான்.

பி.எச். மீட்டரோடு ஊற்றுக்கே ஏறினேன். அங்கே 5.7; ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம் கூடுதல் என்று அர்த்தம். அதே தண்ணீரைக் குப்பியில் பிடித்துக் குன்னூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது 6.4. வழியிலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, அமிலம் குறைந்துவிடுகிறது. தண்ணீரை எடுத்த இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பிறகு ஒழுகிய துண்டை ஹேக்ஸாவால் நீளவாக்கில் பிளந்து, கூட்டத்தில் வைத்தேன். உள்ளே துத்தநாகப் பூச்சின் தடமே இல்லை. செம்பழுப்புக் கொப்புளங்கள், ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அடியில் ஈரமான கறுப்புக் குழி. பித்தளை வால்வின் மரை மஞ்சள் போய் ரோஸ் நிறமாகியிருந்தது. பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் பஞ்சுபோல நின்றது. நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. பிளம்பர் அண்ணன் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சி கிளாஸ் போட்டாலும் இதே கதிதானுங்களே" என்று அவரே சொன்னார்.

"அப்ப முழுக்க ஸ்டெயின்லெஸ் போட்டுடலாமா மாமா?" என்றான் ஒரு தம்பி. இந்தத் தண்ணீருக்கு 304 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் ரகமே தாராளமாகத் தாங்கும், அதை அரிக்கும் குளோரைடு (உப்பு) மிகக் குறைவு. கிணற்றடியில் நிலைமை வேறு. அங்கே பின்னால் நிலத்தடி உப்புநீர் ஏறியது. திறந்த டேங்கில் காற்றும் கலந்தது. அதைவிட உயர்ந்த ரகமான 316 குழாய்கூட, இணைப்பு விளிம்பில் (ஃபிளாஞ்ச்) வைக்கும் கேஸ்கெட்டுக்கு அடியில் பொத்தல் விட்டது. கடைசியில் கண்ணாடி இழை எபாக்சி குழாய்க்கு மாறினோம். எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய் அங்கே ஆகாது; சூடும் கேஸோடு வரும் எண்ணெயும் அதை இளக்கிவிடும். இங்கே இரண்டும் இல்லை, விலையும் கட்டுப்படியாகும். அதனால் எச்.டி.பி.இ.யையே முடிவு செய்தோம்.

ஊற்றிலிருந்து ஊர் டேங்குக்கு 110 மீட்டர் இறக்கம். பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் பதினொரு பார் அழுத்தம் வரும். பத்து பார் குழாய் தாங்காது. நடுவில் ஒரு சிறு தொட்டி கட்டி அழுத்தத்தை உடைத்தோம். காட்டெருமை மிதிக்காமலிருக்க இரண்டரை அடி ஆழத்தில் புதைத்தோம். பாறைமேல் வரும் இருபது மீட்டருக்கு மட்டும் 304. எச்.டி.பி.இ. இணைப்புகளைச் சூடான தட்டில் உருக்கி ஒட்டும்போது பனிமூட்டம் இறங்கினால் தார்ப்பாய் கட்டிக் காத்திருந்தோம். ஈரம் பட்ட இணைப்பை நம்பக்கூடாது.

வீடுகளுக்குள் இருக்கும் ஜி.ஐ. குழாயையும் பித்தளைக் குழாய்களையும் மாற்றச் சொல்ல முடியாது. அவற்றுக்காக ஊர் டேங்குக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்பிய தொட்டி ஒன்று வைத்தோம். அதைக் கடந்து வரும் தண்ணீர் இப்போது 7.3 காட்டுகிறது. கல் கரையக் கரைய நிரப்பும் பொறுப்பை எங்கள் சித்தி எடுத்துக்கொண்டார்.

கிணற்றடியில் செய்ததுபோலவே, எடைபோட்ட இரும்புத் தகடு ஒன்றைத் தொட்டிக்கு முன்னும் ஒன்றைப் பின்னும் தொங்கவிட்டிருக்கிறேன். தை மாதம் இரண்டையும் எடுத்து, அரிப்பில் எது எவ்வளவு எடை குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.