டோபிக் இரண்டு: ‘அக்கிதா’வைத் தனியாகப் படிக்காதீர்கள்

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக் இரண்டின் முடிவு வந்துவிட்டது. 150 மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி நான்காம் நிலை. ஐந்துக்கு 190 வேண்டுமே என்ற ஏக்கம் இருக்கிறது. இன்று அதை நினைக்கப் போவதில்லை.

சொற்பட்டியலை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கொரிய வினையை அதன் செயப்படுபொருளோடு சேர்த்தே படிக்க வேண்டும். ‘அக்கிதா’வையே பாருங்கள். பட்டியலில் ‘சேமித்தல்’ என்று ஒரு பொருள்தான் போட்டிருப்பார்கள். தண்ணீருக்கும் பணத்துக்கும் அது சரி. ‘முருல் அக்யோ சுதா’ என்றால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது. ‘அக்கினுன் ஹுபே’ என்று வந்தால்? நமக்குப் பின் சேர்ந்த இளையவரைச் சேமித்து வைக்கவா முடியும்? அங்கே அது உள்ளன்போடு பேணுவது. ஆசையாக வாங்கிய கிடாரைப் பிறர் தொடவிடாமல் பொத்திப் பொத்தி வைப்பதும் அக்கிதாதான். தீர்ந்துவிடுமோ, கெட்டுவிடுமோ என்ற பதைப்பு உள்ள இடமெல்லாம் இந்த வினை வரும்.

‘மாருல் அக்கிதா’ இன்னொரு வகை. பேச்சை அளந்து விடுவது. வாசிப்புத் தாளின் 25 முதல் 27 வரை செய்தித் தலைப்புகள் அல்லவா, அங்கே அமைச்சர் ‘சொல்லைச் சேமித்தார்’ என்றிருந்தால் கருத்துக் கூறாமல் நழுவினார் என்று கொள்ளுங்கள்.

எதிர்மறையில்தான் எனக்கு லாபம். ‘அக்கிஜி அந்தா’ என்றால் தாராளமாகத் தருவது. எழுத்துத் தாளின் கட்டுரைக் கேள்வியான 54-இன் முடிவுரைக்கு ‘ஜோங்புனுன் ஜிவொனுல் அக்கிஜி மராயா ஹந்தா’, அதாவது அரசு உதவியில் கணக்குப் பார்க்கக் கூடாது என்ற வாக்கியம் பல தலைப்புகளுக்குப் பொருந்தும். 50 மதிப்பெண் கேள்வி. இப்படி ஒரு வாக்கியம் கைவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

குழப்பும் சொற்கள்:
- ஜொர்யகாதா: வெறும் சிக்கனம். மனிதருக்கு ஆகாது.
- சோஜுங்ஹி யொகிதா: அருமை அறிந்து போற்றுவது. நினைவு, நட்பு, உயிர். சிக்கனவாடை இல்லை.
- அக்கிமொப்ஷி: வஞ்சனையில்லாமல், வாரி வழங்கி.

‘அக்கிதா துங் துவேந்தா’ என்று ஒரு பழமொழியும் உண்டு: பொத்தி வைத்தது மலமாகும். தேர்வில் கேட்பார்களோ மாட்டார்களோ, ஒருமுறை கேட்டால் வினை மறக்காது.

கேட்டல் பகுதிக்கு என்னிடம் யோசனை இல்லை, நாடகம் பாருங்கள். எழுத்துத் தாளில் கோடிட்ட இடம் நிரப்பும் 51, 52-இல் அதிகம் மினக்கெடாதீர்கள். அந்தத் தாளுக்கு 50 நிமிடம்தான், எழுத்துக்கு ஒரு கட்டமாக நிரப்பும் 54-இன் கட்டங்கள் 600-ஐத் தொடவே பாதிக்கு மேல் போய்விடும்.