பூட்டு எப்போது போட்டார்கள்

ஜூன் 3

வக்கீல் மேடம் நான் எழுதிய பிராதை, அதாவது கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனுவை, திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியப்பா நிலத்தின் வழியாக நாங்கள் போய்வரும் பாதையை அவர் கேட்டைப் பூட்டி மறித்துவிட்டார் என்று அப்பா போடும் வழக்கு. நான்காவது பத்தி ஓரத்தில் சிவப்பு மையில் ஒன்றே ஒன்று: எப்போது?

"சில காலத்திற்கு முன்பு பிரதிவாதி கேட்டைப் பூட்டிவிட்டார்." அப்பா சொன்னது அப்படித்தான். குமாஸ்தா அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, சில காலம்னா எந்தக் காலம், சோழர் காலமா என்றார். அஸ்தம்பட்டி ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஜூன் 4

போனில் கேட்டேன். "காப்பி பறிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு." எந்த வருஷக் காப்பி? "அதான், மழை கொட்டுச்சே, அந்த வருஷம்."

எங்கள் ஊர் நாகலூரில் மழை கொட்டாத வருஷம் எது?

ஜூன் 6

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஈஸ்மென்ட் சட்டம், 1882, அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி போன்ற உரிமைகளைப் பற்றியது. பிரிவு 15. நிம்மதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, தடையில்லாமல் 20 ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த 20 ஆண்டும் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் நடந்ததெல்லாம் கணக்கில் வராது, அவரவர் நிலத்தில் அவரவர் நடந்ததற்கு வழியுரிமை ஏது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தது 2002. அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். பூட்டு போன வருஷம் என்றால் தப்பித்தோம். 2022 என்றால் 20 ஆண்டு நடந்தும் பிரயோஜனமில்லை, வழக்கு பிந்திவிட்டது. இந்தச் சட்டத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இப்படி வயிற்றைக் கலக்கவில்லை.

ஜூன் 7

மாம்பழம் வாங்கினேன். வேறொன்றும் நடக்கவில்லை.

ஜூன் 8

ஏற்காடு பஸ். இருபது வளைவையும் நின்றுகொண்டே ஏறினேன். அப்பாவை உட்கார வைத்து, கட்சிக்காரரிடம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

வேறு வழியே இல்லையா என்றேன். ஏன் இல்லை, ஓடைப் பக்கம் இறங்கினால் ஆள் போகலாம், மூட்டை தூக்கிக்கொண்டு போக முடியாது என்றார். சரி, பிரிவு 13 அங்கேயே ஆட்டம் கண்டது. பாகம் பிரித்தபோது அவசியத்தால் உண்டான வழி என்று கேட்டால், அந்த வழி இல்லாமல் நிலத்தை அனுபவிக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். சிரமம் என்பது போதாது.

அப்புறம் சர்வசாதாரணமாக ஒன்று சொன்னார். "பிரிச்ச அன்னிக்கே அண்ணன் சொல்லிட்டாரு, நீ பாட்டுக்குப் போய்ட்டு வாடான்னு." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. எனக்குப் பேனா ஓடவில்லை. அண்ணன் அனுமதித்தார், தம்பி நடந்தார் என்றால் அது உரிமை ஆகாது, 20 வருஷமானாலும் 40 வருஷமானாலும் சலுகைதான். பெரியப்பா அன்றைக்கு முறைத்துக்கொண்டு போயிருந்தால் எங்கள் கேஸ் இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெரியப்பா வீட்டு நாய் இன்னும் என்னைப் பார்த்தால் வாலாட்டுகிறது.

ஜூன் 10

2022இல் உச்ச நீதிமன்றம் ஸ்டேட் பேங்க் எதிர் அஜய் குமார் சூட் வழக்கில் தீர்ப்பு எழுதுவது எப்படி என்றே எழுதி வைத்திருக்கிறது. இமாசல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்து அவர்களுக்கே புரியவில்லை. பிரச்சினை, சட்டம், பொருத்துதல், முடிவு, இந்த வரிசையைச் சொல்கிறார்கள், பத்திக்கு எண் போடச் சொல்கிறார்கள். வகுப்பில் முதல் வருஷத்திலிருந்து கேட்கும் வரிசைதான். ஆனால் அந்த வரிசையில் எங்கேயும் அப்பாவை எப்படிப் பேச வைப்பது என்று இல்லை. எனக்கு அங்கேதான் பாதி வேலை.

ஜூன் 11

கிடைத்துவிட்டது!! அம்மாதான். சிலிண்டர்காரர் கேட் பூட்டியிருக்கிறது என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போன நாள். டெலிவரி மெசேஜ் அம்மா போனில் அப்படியே இருக்கிறது. 2024 நவம்பர் 18, திங்கள்.

சிலிண்டர் கதை முழுவதையும் உற்சாகமாகப் பிராதில் எழுதிக் கொண்டுபோனேன், மேடம் அடித்துவிட்டார். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 6, விதி 2: சங்கதியைச் சொல், சாட்சியத்தைச் சொல்லாதே. மெசேஜ் விசாரணையில் வரட்டும். கடைசியில் நின்றது: "18.11.2024 அன்று பிரதிவாதி தாவா வழியின் குறுக்கே உள்ள கேட்டைப் பூட்டினார்." தாவா வழி என்றால் வழக்கில் உள்ள வழி. இவ்வளவு நாள் அலைந்தது இந்த ஒரு வரிக்கு. ஆனாலும் நல்ல வரி.

"யாதெனில்" மட்டும் மேடம் விடமாட்டேன் என்கிறார். அது இல்லாமல் ஒரு பத்தியும் நொண்டாது என்பது என் கட்சி.

ஜூன் 12

சட்டக் கல்லூரி ரெக்கார்டு நோட்டு. டிராஃப்டிங் பேப்பருக்கு 15 பிராது, மனு, 45 மதிப்பெண். பத்திரம் 15, அதற்கு 45. வைவா 10. ஆக ஒரு பிராதுக்கு 3 மதிப்பெண். பார்த்து எழுதியவனுக்கும் 3.

ஜூன் 14

"போய்ட்டு வாடா" பற்றி மேடத்திடம் சொன்னேன். அதை நீ எழுதவேண்டியதில்லை, ஆனால் அனுமதியே கேட்கவில்லை என்று பொய்யும் எழுதாதே என்றார். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், அப்போது உங்கப்பா என்ன சொல்வார்? உண்மையைத்தான் சொல்வார், அதுதான் பயம்.

அது அனுமதியா, இல்லை, உன் வழிதானே என்று ஒத்துக்கொண்டதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். நான் இரண்டாவதாகப் படிக்கிறேன். கூலி வாங்காத வக்கீல் அப்படித்தானே படிக்க வேண்டும்.

ஜூன் 15

நான்காவது பத்தி. மறுபடியும்.

ஜூன் 16

டைப் ஆகிவிட்டது. சரிபார்ப்புப் பகுதியை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன், எந்தெந்தப் பத்தி தனக்கு நேரடியாகத் தெரிந்தது, எது பிறர் சொல்லி உண்மையென நம்புவது என்று பிரித்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்ப நேரம் பேசவில்லை. "பூட்டுனதை நான் பார்க்கலியே, உங்கம்மா சொல்லித்தான தெரியும்." ஆக நான்காவது பத்தி அந்தப் பக்கம் போனது. அப்பா நல்ல வக்கீலாக வந்திருப்பார்.

புதன்கிழமை இறங்கி வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஜூன் 18

வரவில்லை. பெரியம்மா போன் செய்தாராம். என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டேன் என்கிறார். கோர்ட் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார், அதையும் இரண்டு தடவை.

ஜூன் 19

சொத்து விவரத்தில் செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லைகளை, பத்திரத்தோடு ஒத்துப்பார்க்கச் சொன்னார் மேடம். வடக்கு எல்லையில் ஓடை என்று இருக்கிறது. நாளைக்குப் பார்க்க வேண்டும்.