தோட்டம் கைமாறும் வேளையில் ஒரு சட்ட அலுவலகத்தின் தேடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், இரண்டு வழக்கறிஞர்கள் மட்டுமே உள்ள அலுவலகம் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராகப் பணிபுரிகிறேன். விபத்து இழப்பீடு, நிலப் பெயர் மாற்றம், வாரிசுச் சொத்து ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. அருகிலுள்ள செம்பனைத் தோட்டத்தை வாங்கவிருந்த வெளியூர் நிறுவனத்தின் மேலாளர், ஒருநாள் எங்கள் மூத்த வழக்கறிஞரைப் பேச அழைத்தார். “அவர்கள் யார், நம்மிடம் என்ன வேலைக்கு வருவார்கள் என்று பார்த்துச் சொல்லம்மா,” என்று ஐயா என்னிடம் கூறினார். அதற்கு முன் நான் வணிக ஆய்வு எதுவும் செய்ததில்லை.

மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் செலுத்தி, நிறுவனத்தின் விவரக் குறிப்பைப் பெற்றேன். இயக்குநர்கள், பங்குதாரர்கள், வங்கிக்கு அடமானம் வைக்கப்பட்ட சொத்துகள் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்ததால், புர்சா மலேசியாவில் அது வெளியிட்ட அறிவிப்பிலிருந்து விலையும் நிபந்தனைகளும் தெரிந்தன. பழைய தீர்ப்புகளைத் தேடியபோது, அவர்களுக்காக எப்போதும் கோலாலம்பூரின் ஒரே அலுவலகம் வாதாடியிருப்பதும் புலப்பட்டது. இவை எல்லாவற்றையும் அச்சிட்டு, தடித்த கோப்பாக ஐயாவின் மேசையில் வைத்தேன்.

அவர் அதில் ஒரே ஒரு வரியின் கீழ் கோடிட்டார். புதிய முதலாளி உள்ளூர்த் தொழிலாளர்களை நிறுத்திவிடுவார் என்று நான் எழுதியிருந்த வரி அது.

“இது எங்கிருந்து வந்ததம்மா?”

“தோட்டத்தில் வேலை செய்யும் சித்தி சொன்னார், ஐயா.”

அவர் அந்த வரியை அடித்துவிட்டார். ஆனால் கோப்பைத் திருப்பித் தரும்போது, “சித்தி ஏன் பயப்படுகிறார் என்று மட்டும் பார்,” என்றார். அந்த நொடியில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. ஊர்ப் பேச்சு ஆதாரமாகாது. எதைத் தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கலாம். தோட்ட அலுவலகத்தில் இருந்த உறவினர் ஒருவர் ஒப்பந்த நகலை எடுத்துத் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டேன். பொதுப் பதிவேட்டில் இல்லாத பிறர் தாளைத் தொடுவது ஆய்வாகாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

தோட்டம் விற்கப்படுவது இந்த ஊருக்கு வெறும் வணிகச் செய்தி அன்று. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் இடம்பெயர்ந்த காலத்தில், இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆகவே மீண்டும் தொடங்கினேன். முதலில் எங்கள் பழைய கோப்புகளைப் புரட்டி, வாங்குபவருக்கோ விற்பவருக்கோ எதிராக நாங்கள் யாருக்கும் வாதாடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். பின்னர் நில அலுவலகத்தில் தேடுதல் செய்து பரப்பளவைப் பார்த்தேன். ஒன்றையொன்று ஒட்டிய 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும். அந்த வேலையைக் கோலாலம்பூர் வழக்கறிஞர்களே பார்ப்பார்கள் என்று கணித்தேன்.

எஞ்சியது தொழிலாளர் விவகாரம். 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க, ஆட்குறைப்பு அனுகூல விதிமுறைகளின்படி, உரிமை மாறிய 7 நாட்களுக்குள், முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரப் புதிய உரிமையாளர் முன்வர வேண்டும். முன்வராவிட்டால் வேலை ஒப்பந்தம் முடிந்ததாகவே கருதப்படும். 5 ஆண்டுகளும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு சேரும். இதையும், ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சந்திப்பில் ஐயா முதலில் கேட்டது, வேலையைத் தொடரத் தொழிலாளர்களை அழைக்கும் கடிதங்களைப் பற்றித்தான். அதை எவரும் இன்னும் தொடங்கவில்லை என்று மேலாளர் ஒப்புக்கொண்டு, அந்தப் பணியை எங்களிடமே ஒப்படைத்தார். கடிதத்தின் தமிழ் வடிவத்தை நான் எழுதினேன். உரிமை மாறிய மூன்றாம் நாள் சித்தி தொலைபேசியில் அழைத்து, தமது கடிதத்தில் இருந்த சம்பளத் தொகையை இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.