மகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம்

அப்பாவுக்கு நாற்பது வயதைத் தாண்டியதுமே முதுகு வளையத் தொடங்கிவிட்டது. யாராவது பக்கவாட்டில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது; உடம்பையே திருப்பித்தான் பார்ப்பார். மளிகைக் கடையில் மூட்டை தூக்கிய பலன் என்று ஊரே சொன்னது. அவ்வப்போது ஒரு கண் மட்டும் சிவந்து வெளிச்சத்தில் கூசும். மெட்ராஸ் ஐ என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். முதுகும் கண்ணும் ஒரே நோயின் கணக்கில் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்; முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி வந்து நாளடைவில் முதுகு இறுகிப்போகும் மூட்டுவாதம். இப்போது எனக்கும் இருக்கிறது. பின்னிரவில் வலி எழுப்பிவிடும்; நடந்தால் குறையும், படுத்தால் கூடும். டிஸ்க் என்று சொல்லிப் படுக்கையில் கிடக்கச் சொன்னவர்களும் உண்டு, இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது. கடைசியில் பார்த்த மூட்டுவாத மருத்துவர் என்னை நிற்கவைத்து, இடுப்புக்கு நேரே முதுகெலும்பின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். 10 செ.மீ. மேலே இன்னொரு கோடு. முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி டேப்பை வைத்தார். நலமான முதுகு என்றால் அந்த இடைவெளி 15 செ.மீ. அளவுக்காவது விரியும். எனக்கு 12-ஐக்கூடத் தொடவில்லை. எம்ஆர்ஐயும், எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகுதான் எடுத்தோம். பி27 பாசிட்டிவ்.

செய்தி அத்தையின் காதுக்கு எட்டியது. "பரம்பரை வியாதியாமே! பிள்ளைக்கும் பார்த்துவிடு, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது..." என்று ஆரம்பித்தார். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கூடைப்பந்து ஆடுகிறாள், எங்கும் வலி இல்லை. முடியாது என்றேன்.

பிடிவாதம் இல்லை, காரணம் இருக்கிறது. எச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. செல்லுக்குள் உடைபடும் புரதங்களின் சிறு துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளை உண்டாக்குவது அவற்றின் வேலை. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் வந்து பார்த்து, நம்முடையதா அந்நியமா என்று தீர்மானிக்கும். எந்தத் துண்டை ஏந்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பி27 அந்த வகைகளில் ஒன்று. எச்ஐவி தொற்றியவர்களில் பி27 உள்ளவர்களுக்கு நோய் மெதுவாகவே முற்றுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே அதைக் கெட்ட மரபணு என்று தள்ளவும் முடியாது.

முதுகு நோய்க்கும் பி27-க்கும் உள்ள தொடர்பை லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரண்டு குழுக்கள் 1973-இல் தனித்தனியே கண்டுபிடித்தன. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அது இருந்தது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பி27 உள்ளவர்களில் நோய் வருவது நூற்றுக்கு ஐந்து பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான். கனடாவின் ஹைடா பழங்குடியினரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு பி27 உண்டு. ஆனால் கூனிக்கொண்டு நடப்பவர்கள் அவர்களில் சிலரே.

என் மகளின் கணக்கு கொஞ்சம் வேறு, அதை மறைக்க விரும்பவில்லை. பி27 என்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. வந்திருந்தால், நோயாளியின் பிள்ளை என்பதால் ஆபத்து அந்த ஐந்தைவிடப் பல மடங்கு கூடும்; ஐந்தில் ஒன்று என்பார்கள். ஒரே பி27, எங்கள் குடும்பத்தில் மட்டும் ஏன் இப்படி? கூடவே வேறு மரபணுக்களும் இறங்கிவருகின்றன. ஈஆர்ஏபி1 என்று ஒன்று, அந்தப் புரதத் துண்டுகளை அளவாக நறுக்கித் தரும் நொதிக்கானது. அதன் சில வகைகள் நோய்க்கு வழிவிடுகின்றன, அதுவும் பி27 உள்ளவர்களிடம்தான். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றின் பங்கும் சிறியது.

சரி, பாசிட்டிவ் என்று வந்தால் நாளைக்கு என்ன செய்யப்போகிறோம்? வலி இல்லாத பிள்ளைக்கு மருந்து இல்லை, முன்கூட்டித் தடுக்க வழியும் இல்லை. கூடைப்பந்தை நிறுத்தச் சொல்லி நாலு பேர் கிளம்புவார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒற்றைக் கண் சிவந்து கூசுவது: இவற்றில் ஏதாவது தலைகாட்டினால் அன்றே மருத்துவரிடம் போவோம். அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உண்மையில் சோதனை தேவைப்படுவது அத்தை மகனுக்கு. வங்கியில் வேலை, முப்பது வயது, காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு குளியலறைக்குச் சுவரைப் பிடித்தபடி போகிறான், மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. நாற்காலி சரியில்லை என்கிறார்கள். அவனை நானே அழைத்துப் போகிறேன், சனிக்கிழமைக்கு டோக்கன் வாங்கியாயிற்று.