ஷெல் காயத்துக்கு மருத்துவ ஆதாரம் தேடி அலைந்தது

போரில் ஷெல் பட்டுக் காயப்பட்ட அக்காவின் இழப்பீட்டு விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. போன கிழமைதான் கடிதம் வந்தது. முதலில் நிராகரித்தபோதும் இதே காயம்தான், இதே ஆள்தான். பிறகு கொடுத்த மருத்துவக் கடதாசிகள்தான் வேறு. காயத்தோடு இருந்தும் "ஆதாரம் போதாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குக் காயம் பட்டது 2009 மாசியில், முல்லைத்தீவு மாத்தளனில். பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். அங்கே துண்டு எழுதிக் கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது? பிறகு ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து கிழக்கில் இன்னொரு ஆஸ்பத்திரி, பிறகு முகாம், பிறகு யாழ்ப்பாணம். இந்த அலைச்சலில் எந்தக் கடதாசி மிஞ்சும்?

விண்ணப்பப் படிவம், விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. நிராகரிப்புக் கடிதம்தான் ஆளைக் கொன்றது. முழுக்கச் சிங்களத்தில் வந்தது. தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தால், "மருத்துவ ஆதாரம் திருப்தியில்லை" என்ற ஒரு வரிதான் விஷயம். எது திருப்தியில்லை, என்ன குறை, ஒன்றும் இல்லை. தொலைபேசியில் கேட்டால், "நீங்கள் திரும்பவும் மெடிக்கல் எடுத்து அனுப்புங்கோ" என்று வைத்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சை நம்பி உடனே இன்னொரு சான்றிதழுக்கு ஓடாதீர்கள். என்ன குறை என்று தெரியாமல் எடுக்கும் சான்றிதழும் அதே குறையோடுதான் இருக்கும். நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தில், அக்காவின் கோப்பில் எழுதப்பட்ட குறிப்பின் பிரதியைக் கேட்டோம். தமிழில்தான் எழுதினோம். தமிழில் எழுதித் தமிழில் பதில் வாங்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். இழுத்தடித்தார்கள்தான். ஆனால் சட்டத்தின் இலக்கத்தைப் போட்டு நினைவூட்டல் அனுப்பிய பிறகு பிரதி வந்தது.

அதில் இருந்தது இவ்வளவுதான்: வைத்தியர் கொடுத்த சான்றிதழில் காயத்துக்கான காரணமும் இல்லை, ஏற்பட்ட காலமும் இல்லை.

சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். "இடது கை பலவீனம். தங்கள் தகவலுக்காக." இரண்டே வரி! கிளினிக் கொப்பியும் அப்படித்தான். வருடக்கணக்கில் "நோ" (வலி), "அதே மருந்து", "அதே மருந்து" என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியர், வெளியே நீண்ட வரிசை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஷெல் என்ற சொல் அந்தக் கொப்பியில் எங்கேயும் இல்லை. கிளினிக்குக்குப் போகிறவர்கள், காயம் எப்போது எப்படிப் பட்டது என்பதையும் சொல்லி, அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பழைய பதிவு. கிழக்கில் அக்கா தங்கியிருந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டறைக்குப் போனோம். "பழைய பி.எச்.ரி. (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு இருக்கும் கட்டில் தலைச்சீட்டு) எல்லாம் இப்ப இல்லை அம்மா" என்று கதிரையிலிருந்து எழும்பாமலே சொன்னார் ஒருவர். அக்கா அழத் தொடங்கிவிட்டா. பக்கத்து மேசையில் இருந்த இளம் பிள்ளை ஒன்று, "அனுமதிப் பதிவேட்டைப் பாப்பம்" என்று எழும்பினா. கட்டில் தலைச்சீட்டு அழிந்தாலும் அனுமதிப் பதிவேடு இருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. திகதியை வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினா. பெயர் எழுத்துப் பிழையோடு, வயது நான்கு கூட, ஊர் முல்லைத்தீவு, எதிரே "குண்டு வெடிப்புக் காயம், இடது மேற்கை". அந்த வரியின் உறுதிப்படுத்திய பிரதியோடுதான் திரும்பினோம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

பெயர்ப் பிழைக்கு, இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தோம். காயப்பட்டபோது அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். அவரும் ஒரு சத்தியக் கடதாசி தந்தார். கண்ணால் கண்டவர் சொல்வது மருத்துவச் சான்று ஆகாதுதான், ஆனால் பதிவில் இருக்கும் இடைவெளியை அது நிரப்பும்.

இத்தனையையும் ஒரே பக்கத்தில் திகதி வாரியாக எழுதி, எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொடுத்தோம். அந்த ஒரு பக்கம்தான் வேலை செய்தது. அவர் எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேற்கை எலும்பை ஒட்டி அரிசிக் குறுணி போல வெள்ளைப் புள்ளிகள். தழும்பில் விரலை வைத்து, "இதாலதான் போயிருக்கு" என்றார். மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார், அக்காவால் முடியவில்லை. நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போட் வந்த பிறகு அவர் எழுதிய கடிதத்தில் எல்லாம் இருந்தது: உலோகத் துண்டுகள் இருக்கும் இடமும் தழும்பும் பொருந்துகின்றன, நரம்புச் சேதம் அந்தக் காயத்தின் பாதையில்தான் இருக்கிறது, 2009 ஆம் ஆண்டுப் பதிவும் இதோடு ஒத்துப்போகிறது. இப்போது என்ன பாதிப்பு, அன்று என்ன நடந்தது, இரண்டுக்கும் என்ன தொடர்பு, ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். வெறும் "ஊனம்" என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

இன்னொரு எச்சரிக்கை: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் அதை அசைக்கலாம், ஆபத்து. அக்காவுக்கு எழுதிய படிவத்தில் அந்தக் கேள்விக்கு யாரோ "இல்லை" என்று புள்ளடி போட்டிருந்தார்கள். நாங்கள் பார்த்துத் திருத்தினோம்.

மூலப் பிரதிகளைத் தபாலில் அனுப்பாதீர்கள். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். கையில் சீல் இருந்ததால்தான், "உங்கட கடிதம் வரேல்லை" என்று சொன்னவர் உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்தார்.

ஏற்புக் கடிதம் தமிழில் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயருக்கும் அடையாள அட்டைப் பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசமாம். பெயர்ப் பிழைக்கு முடித்த அந்தச் சத்தியக் கடதாசியின் பிரதியை வருகிற திங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், சீலோடு.